பத்திரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

சொத்து முகவர் பணிக்குப் பதிவு செய்துகொள்ள இருப்போர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

சொத்துச் சட்டத்தின் முக்கியமான சொற்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கிரயம், செட்டில்மெண்ட், விடுதலை, பாகப்பிரிவினை, அடமானம், வில்லங்கம், பட்டா, யுடிஎஸ் என்று ஐம்பது சொல்லை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் கொடுத்துவிட்டு நான் இறங்கிவிடலாம். அந்த விளக்கம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு இந்தத் தொழிலுக்கு வருவது வாங்குபவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து என்பதே என் கருத்து. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு சான்றின் பெயர்கள். எந்தச் சான்றும் ஓரிடம் வரைதான் பேசும், அதற்கு அப்பால் பேசாது. அது எதுவரை பேசுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் அந்தச் சொல் தெரியும் என்று பொருள். வாங்க வந்தவரிடம் அந்த இரண்டையுமே சொல்வதுதான் முகவரின் வேலை.

இதற்கு அடிப்படை நம் நாட்டின் பதிவு முறையிலேயே இருக்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணங்களைப் பதிவு செய்யும் சட்டம். உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் அல்ல. ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு அமைத்துக் கொடுத்த முறையில் அரசின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அதற்கு அரசே பொறுப்பு. நம் சார்பதிவாளர் அந்த உறுதியைத் தருவதில்லை. எழுதிக் கொடுப்பவர் இன்னார்தானா, அவரே கையெழுத்திட்டதாக ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சரியா, சட்டம் பதிவு செய்யத் தடுத்திருக்கும் சொத்துகளில் ஒன்றா என்று பார்ப்பார். விற்பவருக்கு விற்க உரிமை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. தமிழ்நாட்டில் 2022இல் கொண்டுவரப்பட்ட 55ஏ விதி, முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்றது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. விற்பவரின் உரிமையை ஆராயும் வேலையை 1908ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு அலுவலருக்குக் கொடுக்கவில்லை என்பதே அதற்குச் சொன்ன காரணம். போலிப் பத்திரங்களைத் தடுக்கும் நல்ல நோக்கத்தில் வந்த விதி அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு முக்கியம். “ரிஜிஸ்டர் ஆன பத்திரம் சார், பயப்படாதீங்க” என்று நீங்கள் சொல்லும்போது, சார்பதிவாளரே தராத ஓர் உறுதியை அவர் பெயரில் நீங்கள் தருகிறீர்கள்.

முதலில் கிரயத்தை எடுத்துக்கொள்வோம். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 54ஆம் பிரிவில், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த கிரயப் பத்திரத்தால்தான் விற்க முடியும் என்கிறது. அதே பிரிவு, கிரய ஒப்பந்தம் தன்னளவில் சொத்தின் மீது எந்த உரிமையையும் உண்டாக்காது என்றும் சொல்கிறது. ஒப்பந்தம் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது நீதிமன்றம் போய், “எனக்குக் கிரயம் எழுதித் தரச் சொல்லுங்கள்” என்று கேட்கும் வாய்ப்பு மட்டும். அதையும் மூன்று ஆண்டுக் காலவரம்புக்குள் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் அசையாச் சொத்து தொடர்பான பொது அதிகாரப் பத்திரத்தையும் பதிவு செய்வது கட்டாயம். இங்கேதான் குழப்பம் வருகிறது. ஒப்பந்தம் பதிவாகிவிட்டது, வில்லங்கச் சான்றிலும் ஏறிவிட்டது, பணத்தில் முக்கால் பங்கு கொடுத்தாகிவிட்டது, பவரும் வாங்கியாகிவிட்டது, சாவியும் கைக்கு வந்துவிட்டது; வாங்கியவர் வீடு தனக்குச் சொந்தம் என்று நம்புகிறார். 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: ஒப்பந்தமும் பவரும் உயிலும் ஒன்றாகச் சேர்ந்தாலும் கிரயம் ஆகாது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்துபோகும். பவர் வாங்கியவருக்கும் அந்தச் சொத்தில் உரிமை இருந்தால் விதிவிலக்கு உண்டு. இருக்கிறதா இல்லையா என்பதே பிறகு ஒரு வழக்காகும். “பவர் பத்திரம் இருக்கு, கிரயம் மாதிரிதான்” என்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறது. பதிவு பெற்ற முகவர் வாயிலிருந்து அது வரக் கூடாது.

அடுத்து, நம் மக்கள் அதிகம் நம்பும் காகிதமான வில்லங்கச் சான்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நீங்கள் கேட்ட கிராமத்தில், கேட்ட சர்வே எண்ணில், கேட்ட காலத்துக்குள் பதிவான ஆவணங்களின் பட்டியல் அது. ஆவண எண், எழுதிய நாள், பதிவான நாள், ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தொகை, சொத்து விவரம், நான்கெல்லை எல்லாம் வரிசையாக இருக்கும். ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். சர்வே எண் 112/3இல் இரண்டு ஏக்கர். 1999இல் அதை அடமானம் வைத்துப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. 2006இல் நிலம் 112/3ஏ, 112/3பி என்று உட்பிரிவு ஆகிறது. இன்று விற்பவர் 112/3பி என்ற எண்ணுக்கு முப்பது ஆண்டு வில்லங்கம் போட்டுத் தருகிறார். தேடும்போது பழைய எண்ணையும் கொடுக்காவிட்டால் 1999இன் அடமானம் அந்தப் பட்டியலில் வராமல் போகலாம். சான்று பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது. அந்தக் கிராமம் நடுவில் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால், இரண்டு இடத்திலும் தேடாத சான்றும் இதேபோல் அரைகுறைதான். ஆகவே “ஈசி கிளியர்” என்று சொல்வதற்கு முன், எந்த எண்ணுக்கு, எந்த ஆண்டிலிருந்து, எந்த அலுவலகத்தில் என்ற மூன்றையும் கேளுங்கள்.

சரியாகத் தேடிய சான்றிலும் வராதவை உண்டு. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை; பதிவு செய்தாலும் அது மூன்றாம் புத்தகத்தில் ஏறும், அசையாச் சொத்து ஆவணங்களுக்குரிய முதல் புத்தகத்தில் ஏறாது. குடும்பத்துக்குள் வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை வராது. பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் வராது. நிலுவையில் இருக்கும் வழக்கு வரும் என்று நம்பவே கூடாது. அப்படியொரு வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கினால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி வாங்கியவரும் அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர்; எனக்குத் தெரியாது என்பது அங்கே பதிலாகாது. எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது வாரிசுரிமை. ஒருவர் இறந்த அந்த நொடியிலேயே வாரிசுகளுக்கு உரிமை வந்துவிடுகிறது. அதற்குப் பத்திரம் தேவையில்லை. பத்திரம் இல்லாததால் பட்டியலிலும் வராது.

பெண் மக்களின் பங்கு இந்த இடத்தில்தான் காணாமல் போகிறது. தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, 1989 மார்ச் 25 அன்று திருமணம் ஆகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமையைக் கொடுத்தது. 2005இல் நாடாளுமன்றம் திருமணமான மகள்கள் உட்பட எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. 2020இல் வினீதா சர்மா வழக்கில், திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக நடந்த விற்பனையையும் பாகப்பிரிவினையையும் மட்டும் இது தொடாது. 2008இல் அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் சேர்ந்து பூர்வீக நிலத்தை விற்றிருக்கிறார்கள், தங்கை கையெழுத்து இல்லை என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரம் பதிவாகியிருக்கிறது, வில்லங்கத்தில் ஒன்றுமில்லை, பட்டா வாங்கியவர் பெயருக்கு மாறியாகிவிட்டது. மூன்று காகிதமும் ஒரே குரலில் பேசுகின்றன. ஆனாலும் அந்தத் தங்கை பங்கு கேட்டு வழக்குப் போட முடியும். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தானால் கதை வேறு. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டமே வேறு. மைனர் பங்கும் இப்படித்தான்: இந்து மைனரின் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றிக் கார்டியன் விற்றால், மைனர் வயதுக்கு வந்து மூன்று ஆண்டுக்குள் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். ‘வாரிசுச் சான்று’ என்ற சொல்லைப் படிக்கும்போது இந்தத் தேதிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

பட்டாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது வருவாய்த் துறையின் ஆவணம். வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் உரிமை உண்டாவதும் இல்லை, அழிவதும் இல்லை என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்ன நிலைப்பாடு. அதற்காகப் பட்டா வேண்டாத காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டா, சிட்டா, அ பதிவேடு, புலப்படம் நான்கையும் சேர்த்துப் படித்தால் நிலத்தின் குணம் தெரியும். அது நத்தமா, புறம்போக்கா, நஞ்சையா, நிபந்தனையோடு ஒப்படைத்த நிலமா என்று அங்கேதான் எழுதியிருக்கும். பழைய பதிவேட்டில் ‘டி.சி.’ என்று இரண்டே எழுத்து இருக்கலாம். ஒடுக்கப்பட்ட மக்களுக்காக 1892 முதல் பிரிட்டிஷ் அரசு ஒப்படைத்த பஞ்சமி நிலத்தின் அடையாளம் அது. முதல் பத்தாண்டு யாருக்குமே விற்கக் கூடாது, அதன் பிறகு விற்றாலும் அதே மக்களுக்குள்தான் விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். மீறி வாங்கினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இங்கே வாங்குபவரின் நட்டம் மட்டும் பேச்சல்ல. அந்த மக்களுக்குச் சேர வேண்டிய நிலம் கைமாறிப் போனதில் தரகு பார்த்தவர்களுக்கும் பங்கு இருந்திருக்கிறது. அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் முகவர் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

மனையும் அடுக்ககமும் விற்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில சொற்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்பதை நம்பி இந்த மாநிலத்தில் எத்தனையோ பேர் மனை வாங்கினார்கள். மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதி தருவது சென்னைப் பெருநகரில் சிஎம்டிஏ, மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து அந்த அனுமதி ஆகாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுத்தபோது, அந்தக் கையெழுத்தை நம்பியவர்கள் தங்கள் மனையை விற்கவும் முடியாமல் தவித்தார்கள். 2017இல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகே வழி பிறந்தது. அடுத்து, பரப்பளவு. ‘சூப்பர் பில்ட்-அப்’ என்பதில் படிக்கட்டும் லிஃப்டும் நடைபாதையும் கலந்திருக்கும். எவ்வளவு கலப்பது என்பது கட்டுநருக்குக் கட்டுநர் மாறும். 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் ‘கார்ப்பெட் ஏரியா’ என்பதற்கு இலக்கணம் வகுத்தது: வெளிச்சுவர், குழாய்த் தடங்கள், அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை நீங்கலாக, உள்சுவர்களைச் சேர்த்து, வீட்டுக்குள் பயன்படும் பரப்பு. அடுக்ககம் வாங்குபவருக்கு நிலத்தில் கிடைப்பது யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத பங்கு. இத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் இருந்தாலும், மனையில் எந்த மூலையையும் காட்டி இது என்னுடையது என்று அவரால் சொல்ல முடியாது. காலி மனைக்குப் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படியுங்கள். கிழமேலடி 40, தென்வடலடி 60 என்றால் 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்டு. ஐந்தரை செண்ட் என்று சொன்னால் 2,395.8 வரும். இந்த நாலு அடி பெரிதல்ல. ஆனால் எழுதிய பரப்புக்கும் நான்கெல்லைக்கும் முரண் வந்தால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையைத்தான் ஏற்கின்றன. டேப் பிடித்து அளக்காமல் பரப்பைச் சொல்லாதீர்கள்.

இதற்கெல்லாம் ஓர் ஆட்சேபம் வரும்: “இது வக்கீல் பார்க்க வேண்டிய வேலை. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது.” கேட்க நியாயமாக இருக்கும் இந்த வாதத்தைச் சட்டம் ஏற்கவில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ‘அறிவிப்பு’ என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. பாடத்திட்டங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் முகவர் முதலில் படிக்க வேண்டிய சொல் இதுதான். ஒருவருக்கு நேரில் தெரிந்திருந்தால் மட்டும் அறிவிப்பு அல்ல. விசாரித்திருக்க வேண்டியதை வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டாலும், பெரும் கவனக்குறைவாக இருந்தாலும் அவருக்குத் தெரியும் என்றே சட்டம் கொள்ளும். சொத்தில் யாராவது குடியிருந்தாலோ பயிர் செய்துகொண்டிருந்தாலோ, அவருக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதுவும் வாங்குபவருக்குத் தெரியும் என்றே கொள்ளும். மூன்றாவது விளக்கம்தான் உங்களைப் பற்றியது: முகவர் தம் வேலையின் போக்கில் அறிந்துகொண்ட முக்கியமான செய்தி, அவரை அமர்த்தியவருக்கும் தெரிந்ததாகக் கொள்ளப்படும். வக்கீல் தம் மேசைக்கு வந்த காகிதங்களைப் படிப்பார். வயலுக்குப் போகிறவர் நீங்கள். அங்கே ஒருவர் கடலை போட்டிருப்பதையும், “இது எங்க தாத்தா காலத்திலிருந்து நாங்க பண்ற நிலம்” என்று அவர் சொல்வதையும் கேட்கிறவர் நீங்கள். வாங்குபவருக்காக அங்கே போன நீங்கள் அதை அவரிடம் சொல்லாமல் விட்டால், காதில் விழாத ஒரு செய்திக்கு அவர் நீதிமன்றத்தில் பொறுப்பாகிறார்.

இன்னொரு வாதம், ரெரா பற்றியது. அந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, முகவர் வாய்மொழியாகவோ எழுத்திலோ தவறான தகவல் தருவதையும், கட்டுநருக்கு இல்லாத அனுமதி இருப்பதாகச் சொல்வதையும் முறைகேடு என்கிறது. பதிவு செய்யாத திட்டத்தின் விற்பனைக்கு உதவவே கூடாது என்கிறது. விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்குவதானால் அதற்கு முன் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 13ஆம் பிரிவு கட்டுநரைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் இவை ரெராவில் பதிவாக வேண்டிய புதிய திட்டங்களுக்குத்தானே, கைமாறும் பழைய வீட்டுக்கும் விவசாய நிலத்துக்கும் இல்லையே என்பார்கள். உண்மைதான். அங்கே 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. முகவர் தம் வேலையின் போக்கில் சொன்ன தவறான தகவல், அவரை அமர்த்தியவரே சொன்னதற்குச் சமம் என்று அதன் 238ஆம் பிரிவு சொல்கிறது. விற்பவருக்காக நீங்கள் சொன்ன ஒரு பொய்யை வைத்தே வாங்கியவர் அந்த ஒப்பந்தத்தை முறிக்கலாம். ரெரா வருவதற்கு 144 ஆண்டுகளுக்கு முன்பே முகவரின் வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் எடை இருந்தது.

“இவ்வளவும் சொன்னால் வாங்க வந்தவர் ஓடிவிடுவார்” என்ற கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கமிஷனை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களின் கவலை அது. ஆனால் நான் சொன்ன ஓட்டைகளில் பெரும்பாலானவை அடைக்கக்கூடியவை. பழைய சர்வே எண்ணுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். தங்கையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கலாம். மைனர் பங்குக்கு நீதிமன்ற அனுமதி கேட்கலாம். கடன் தீர்ந்திருந்தால் வங்கியிடம் ரசீதுப் பத்திரம் வாங்கிப் பதியலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் சொன்னால் இவை சில வார வேலை. சொல்லாமல் கிரயம் முடிந்தபின் தெரியவந்தால் பத்தாண்டு வழக்கு; அந்த வழக்கில் உங்கள் பெயரும் சாட்சிப் பட்டியலில் இருக்கும். அடைக்க முடியாத ஓட்டை உள்ள சொத்தும் உண்டு. அந்த விற்பனை உங்கள் கையைவிட்டுப் போகும், கமிஷனும் போகும். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

எல்லாம் கணினிமயமாகி வருகிறதே, உட்பிரிவு தேவைப்படாத சொத்துக்குப் பதிவு முடிந்ததும் பட்டா தானாக மாறுகிறதே, இந்த நுணுக்கங்கள் இனி எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். வில்லங்கத்தைக் கைப்பேசியில் பார்க்க முடிவது பெரிய நன்மை. முன்பு அதற்கு அலைந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கணினி இருக்கும் பதிவேட்டைத்தான் வேகமாகக் காட்டுகிறது. தங்கையின் கையெழுத்து இல்லாத கிரயம் பதிவானால், பட்டாவும் அதே வேகத்தில் தவறான பெயருக்குப் போய்ச் சேரும். முன்பு தாலுகா அலுவலகத்தில் பட்டா மாற்ற மனு போட்ட இடைவெளியில் யாராவது ஆட்சேபம் சொல்ல வாய்ப்பிருந்தது. அந்த இடைவெளியும் இனி குறைகிறது. ஆக, பத்திரம் எழுதுவதற்கு முன்பு கேட்கப்படும் கேள்விகளின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? உங்கள் பேச்சிலும் விளம்பரத்திலும் ‘கிளியர் டைட்டில்’, ‘வில்லங்கமில்லை’ என்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். அவற்றுக்குப் பதிலாகப் பார்த்ததை எழுதுங்கள்: “சர்வே எண் 112/3, 112/3பி இரண்டுக்கும் 1995 முதல் இன்றுவரை இன்ன சார்பதிவகத்தில் வில்லங்கம் பார்த்தோம், 1999இன் அடமானத்துக்கு ரசீதுப் பத்திரம் இருக்கிறது, வாரிசுகள் நால்வரில் மூவர் கையெழுத்துப் போடுகிறார்கள், நான்காமவர் வெளிநாட்டில் இருக்கிறார், அவருடைய பவர் இன்னும் வரவில்லை, நிலத்தில் இப்போது யாரும் குடியில்லை, நேரில் பார்த்த நாள் இது.” படிக்க நீளம்தான். ஆனால் இதில் ஒவ்வொரு சொல்லையும் நீங்கள் நிரூபிக்க முடியும். வாங்குபவரின் வக்கீலும் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று உடனே தெரிந்துகொள்வார்.

மகாராஷ்டிரத்தின் ரெரா ஆணையம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டிலும் அப்படியொரு தேர்வு வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே கேட்கிறேன். ஆனால் ‘அடமானம் என்றால் என்ன’ என்று கேட்டு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வாக அது இருந்தால் பயனில்லை. தேர்வு எழுத வருபவர் கையில் ஒரு கிரயப் பத்திரம், ஒரு வில்லங்கச் சான்று, ஒரு பட்டா, ஒரு புலப்படம் நான்கையும் கொடுக்க வேண்டும். இவை பதில் சொல்லாத கேள்விகள் எவை, ஒவ்வொன்றையும் யாரிடம், எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பாய் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதச் சொல்ல வேண்டும். அந்தத் தேர்வு வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் சொந்த வீட்டுப் பத்திரத்தையும் பட்டாவையும் இன்றிரவு எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு விடை எழுதிப் பாருங்கள்.